மண்ணில்லாப் பயிருக்குத் தழைச்சத்து

செஞ்சியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளும் கருங்கற் பாறைகளின் குவியல்களே. அப்பாறைகளின் வெடிப்புகளிலும் செடிகள் வேரூன்றித் தழைத்திருப்பதைக் கோட்டை காண வருவோர் பார்த்திருப்பர். கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் செடி எவ்வாறு வாழ்கிறது என்று மாணவர்கள் என்னிடம் வினவுவதுண்டு. செடி மண்ணிடம் நாடுவது நான்கே பொருள்கள்: ஊன்றி நிற்க ஓரிடம், நீர், வேர் மூச்சுவிடக் காற்று, நீரில் கரைந்த உப்புகள். இந்நான்கையும் வேறு வழியில் அளித்தால் மண் இன்றியமையாதது அன்று.

இவ்வுண்மையை 1860-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மன் அறிஞர்களான சாக்ஸும் நாப்பும் உப்புக் கரைசல்களில் செடி வளர்த்து மெய்ப்பித்தனர். நமது நாட்டில் 1946-ஆம் ஆண்டில் வங்காளத்தின் காலிம்பொங் நகரில் ஷோல்டோ டக்ளஸ் என்பார் இம்முறையை ஆராயத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகளை நாடாமல், கற்சில்லும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் காய்கறி விளைவிக்க அவர் வகுத்த முறை ‘வங்காள முறை’ எனப் பெயர் பெற்றது. நீரில் எளிதில் கரையாத கருங்கற் சில்லு இதற்கு ஏற்றது. சுண்ணாம்புக் கல்லோ கரைசலின் தன்மையையே மாற்றிவிடும்.

இனி, தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனைக் காண்போம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. ஆயினும் அதனை நேரே உண்ணும் ஆற்றல் செடிக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. தக்காளிக்கும் வெள்ளரிக்கும் அத்தகைய துணைவர் இல்லை. ஆகவே, பசுமைக்குடிலில் கற்சில்லின்மேல் வளரும் அவற்றுக்குத் தழைச்சத்து முழுவதையும் நாமே ஊட்டவேண்டும்.

அப்படியாயின், வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உண்டு என்பது மெய்யே. ஆனால், வயலில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை முதலில் அம்மோனியமாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய கற்சில்லுத் தொட்டியில் அந்தச் சமையற்காரர்கள் மிகச் சிலரே. ஆகவே, சமைத்த உணவாகிய நைட்ரேட்டையே நாம் பரிமாறவேண்டும்.

அம்மோனியத்தையும் வேர் உண்ணும். எனினும் அது மிகுந்தால் தீங்கு. வேர் கால்சியத்தை ஏற்பதை அது தடுப்பதால், தக்காளிக் காயின் நுனி கறுத்து அழுகும். மேலும், அம்மோனியத்தை உண்ணும் வேர் அமிலத்தை வெளியிடுகிறது. நைட்ரேட்டை உண்ணும் வேர் காரத்தன்மையைக் கூட்டுகிறது. எனவே, பெரும்பகுதி நைட்ரேட்டும், பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத அம்மோனியமும் அளித்தால், கரைசலைச் செடிகள் விரும்பும் 5.5 முதல் 6.5 வரையிலான அமில கார அளவில் நிறுத்துவது எளிதாகும்.

அளவு யாது? கலிபோர்னியாவின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கரைசலில், ஒரு லிட்டருக்கு 210 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. அதில் 140 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட்டிலிருந்தும், 70 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட்டிலிருந்தும் வருகின்றன. இளஞ்செடிக்கு இதனினும் குறைவாகவே போதும். சத்துக் குறைந்தால் கீழிலைகளே முதலில் மஞ்சளிக்கும். ஏனெனில், செடி முதிய இலையிலுள்ள சத்தைத் தளிருக்கு எடுத்துச் செல்லும். மிகுந்தாலோ இலை செழித்துக் காய் குறையும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்க. செறிவாகக் கரைத்து வைக்கும்போது கால்சியம் நைட்ரேட்டை சல்பேட்டுடனும் பாஸ்பேட்டுடனும் ஒரே கலத்தில் சேர்க்கலாகாது. சேர்த்தால் அவை சுண்ணமாகப் படிந்து, வேருக்கு எட்டாமற் போகும். இரண்டு கலங்களில் தனித்தனியே வைத்து, நீர் பெருகிய தொட்டியிலேயே கலக்க வேண்டும்.

இறுதியாக, நான் மிக முதன்மையாகக் கருதும் செய்தி ஒன்று. பயன்படுத்திய கரைசலைக் கண்ட இடத்திற் கொட்டலாகாது. முன் கூறிய 210 மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 930 மில்லிகிராம் ஆகும். குடிநீரில் இருக்கத்தக்க நைட்ரேட்டின் உச்ச அளவோ, இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமே. ஏறத்தாழ இருபது மடங்கு! எங்கள் ஊர் போன்ற பாறை நிலத்தில் நீர் வெடிப்புகளின் வழியே இறங்கிக் கிணறுகளைச் சேருகிறது. நைட்ரேட் மிகுந்த நீரில் கரைத்த பாலை அருந்தும் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். ஆதலின், அக்கரைசலைச் சேமித்து, பெரும் பங்கு நீர் கலந்து, வாழைக்கோ தீவனப் புல்லுக்கோ அளவறிந்து பாய்ச்சுவதே முறை.

மண்ணும் அதன் நுண்ணுயிர்களும் ஓசையின்றிச் செய்துவந்த வேலையை நாம் கைக்கொள்ளும்போது, அவற்றின் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறோம். செடிக்கு எவ்வளவு வேண்டும் என்று கற்பதோடு, மிஞ்சியது எங்கே செல்கிறது என்றும் கேட்டறிவதே அறிவியல் கற்கும் மாணவர்க்கு அழகு.