மண்ணுக்கும் ஒரு பங்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நிலக்கடலைக்கு வழங்கும் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், 19-ஆம் நூற்றாண்டிலேயே புதுவைத் துறைமுகத்தினின்று பிரெஞ்சு நாட்டு மார்செய் நகருக்குக் கப்பலேறியது. திண்டிவனத்தில் உருவாகி 1940-இல் வெளியான டி.எம்.வி.2 இரகம் அண்டை மாநிலங்களிலும் பரவியது. அவ்வெழுத்துகள் குறிப்பதும் நம் திண்டிவனத்தையே.

ஆயினும், இன்று நம் சமையலறைகளில் கடலெண்ணெயின் இடத்தைப் பெரும்பாலும் பாமாயிலும் சோயா எண்ணெயும் பிடித்துள்ளன. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியே. சோயா மிகுதியாக விளையும் பிரேசிலில் அதற்காகக் காடுகள் அழிந்தன. புதிதாக அழித்த அமேசான் காட்டு நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் பெருவணிகர்கள் உறுதி கூற நேர்ந்தது.

குற்றம் பயிருடையதன்று. சோயாவும் மல்லாட்டையும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. ஆனால் சோயாவை அறுத்தெடுக்கிறார்கள். வேர் மண்ணில் தங்குகிறது. மல்லாட்டையையோ நாம் வேரோடு பிடுங்குகிறோம். காயும் கொடியும் களத்துக்குப் போனபின் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பமே.

எனவே, எடுத்ததைத் திருப்பித் தருவதே நல்ல வேளாண்மை. கொடி மாட்டுக்கு, மாட்டின் எரு நிலத்துக்கு என்னும் பழைய முறை அறிவுடையது. விதையோடு ரைசோபியம் கலப்பதும், துவரை, உளுந்து ஆகியவற்றை ஊடுபயிராக இடுவதும், அடுத்த போகத்தில் கம்பு விதைப்பதும் மண்ணின் வளம் காக்கும். காய் திரளச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கே களை எடுத்து மண் அணைக்கும்போது ஜிப்சம் இடுகிறோம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. குத்தகைக்கு உழுபவர், அடுத்த ஆண்டு நிலம் தம் கையில் இருக்குமோ என்று அஞ்சி எருவிடத் தயங்குகிறார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. நிலமுடைய குடும்பங்கள் குத்தகையைச் சில ஆண்டுகளுக்கு உறுதி செய்வதும், எருச் செலவில் பங்கேற்பதும் தருமம் மட்டுமன்று, நீதியுமாகும்.

ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வளிக்க லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. நிலம் ஆண்டவருடையது என்பதே அதன் அடிப்படை. மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் சிறு உழவர்க்குத் துணைநிற்க வலியுறுத்தினார். உள்ளூர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெயை இயன்ற அளவேனும் வாங்குவோம். விளைச்சலில் நமக்கு ஒரு பங்கு எனில், மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.