மெட்டு ஏறும் தண்ணீர்

விடியலுக்கு முன்பே சிலமலைத் தெருவில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி போடி வழியாக முந்தலுக்குப் போய், அங்கிருந்து மலை ஏறும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறையும் சாந்தம்பாறையும் ஏலத்தோட்டங்களும். இந்தச் சாலையில் போய்வருபவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. வளைவோரம் நிற்கும் ஜீப், தூக்கிய பானட், புஸ்ஸென்று எழும் ஆவி, கையில் சாக்குத்துணியோடு டிரைவர், பாறையில் வழியும் ஊற்றுத்தண்ணீரைக் கேனில் பிடித்து வரும் ஒரு பையன். கேட்டால், "வண்டி ஹீட் ஆயிருச்சு" என்பார்கள்.

எவ்வளவு ஹீட்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து ஜீப்பின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிலமலையிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 2 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். டீசல் எரிந்து தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் போய்விடும். மீதமுள்ள பங்கில் பெரும்பகுதி எஞ்சினின் இரும்பில் இறங்கி, அதைச் சுற்றி ஓடும் தண்ணீரிடம் வந்து சேருகிறது. வண்டியைத் தூக்கிய வேலை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு வெப்பம் தண்ணீருக்குள். ஐந்து குடம் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் சேர்த்துச் சுற்றுவதோ பத்து லிட்டரை ஒட்டித்தான். வாங்கிய வெப்பத்தை அந்தப் பத்து லிட்டர் நிமிடத்துக்கு நிமிடம் காற்றில் கொட்டியாக வேண்டும். சமவெளியில் வண்டியின் வேகமே காற்றைக் கொண்டுவந்து தரும். முதல் கியரில் முனகிக்கொண்டு வளைவு திரும்பும்போது ஃபேன் ஒன்றுதான் கதி.

போதாதென்று மலையும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கணக்கு ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் போடிமெட்டில் 95 அல்லது 96 டிகிரியிலேயே கொதிக்கும். சூரியநெல்லியிலிருந்து கற்பாதையில் ஜீப்புகள் தவழ்ந்து ஏறும் கொழுக்குமலை ஏறத்தாழ 7,900 அடி உயரம். அங்கே 92 டிகிரி போதும். எஞ்சின் நோய்நொடியில்லாமல் ஓடும்போதே அதன் தண்ணீர் 90 டிகிரியைத் தொட்டு நிற்கும். அப்படியானால் கொழுக்குமலையில் ஒவ்வொரு ஜீப்பும் கொதித்துத்தானே ஆக வேண்டும்?

கொதிப்பதில்லை. காரணம், ரேடியேட்டரின் தலையில் இருக்கும் உள்ளங்கை அகல மூடி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அதைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் ரப்பர் வளையம். மேலே 0.9 என்றோ 13 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். வீட்டு குக்கரில் வெயிட் செய்யும் வேலையை இங்கே அந்த ஸ்பிரிங் செய்கிறது. உள்ளே அழுத்தத்தை அடைத்து வைத்து, 0.9 என்றால் வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடும்வரை ஆவியை வெளியே விடாது. அந்த அழுத்தத்தில் போடிமெட்டிலும் தண்ணீர் கொதிக்க 115 டிகிரிக்கு மேல் வேண்டும். ரப்பர் வளையத்துக்கு நடுவே இன்னொரு குட்டி வால்வும் உண்டு. வண்டி நின்று ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கும். அப்போது அந்த வால்வு திறந்து, பக்கத்து டப்பாவுக்கு வழிந்து போனதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வெடித்துப்போன ரப்பரோடு ஒரு மூடி இருந்தால், எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாமலேயே வண்டி மேட்டில் கொதிக்கும். என்னைக் கேட்டால், மலை ஓட்டும் ஜீப்பில் முதலில் மாற்ற வேண்டியது அந்த மூடியைத்தான். சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் என்ன ஆகும் என்பது குக்கரை அவசரமாகத் திறந்தவர்களுக்குத் தெரியும். அழுத்தம் போன மறுநொடியே 110 டிகிரித் தண்ணீர் மொத்தமாகக் கொதித்து முகத்துக்கு எழும். சாக்குத்துணி அதைத் தடுக்காது.

சரி, கூலன்ட் எதற்கு? பெயரைக் கேட்டால் தண்ணீரைவிட நன்றாகக் குளிர்விக்கும் ஏதோ ஒன்று என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், அதே எடைத் தண்ணீரைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். அது தருவது வேறு. அதிலுள்ள எத்திலின் கிளைகோல், கொதிநிலையை இன்னும் ஏழெட்டு டிகிரி உயர்த்தும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடும், கவனித்திருப்பீர்கள். துளிக்கு அடியில் ஆவி மெத்தைபோல நிற்பதால் கல்லின் சூடு துளிக்குள் போவதில்லை. எஞ்சின் தலைக்குள் ஓர் இடத்தில் அப்படி ஆவிப்படலம் நின்றுவிட்டால் அந்த இடத்து உலோகம் குளிராது. கடைசியில் தலை வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஏழெட்டு டிகிரி இடைவெளியின் அருமை அங்கே தெரியும்.

கிளைகோலை 1856-இல் முதன்முதலில் தயாரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல்ஸ் வூர்ட்ஸ். வாகனங்களுக்குள் அது வந்தது 1920-களில். இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த மெர்லின் எஞ்சினுக்கும் அதுதான் கைகொடுத்தது. மேலே போகப் போகக் கொதிநிலை இறங்கும் தொல்லை விமானத்துக்கு இன்னும் அதிகம். முதலில் முழுக் கிளைகோலை ஊற்றிப் பறந்தவர்கள், பின்னர் 70 பங்கு தண்ணீரும் 30 பங்கு கிளைகோலும் கலந்து அழுத்தத்தில் அடைத்தார்கள். எஞ்சின் முன்பைவிடக் குளிர்ந்து ஓடியது. சுமப்பதற்குத் தண்ணீர், காப்பதற்குக் கிளைகோல், பிடித்து வைக்க மூடி. இன்றைக்கு ஏலத்தோட்ட ஜீப்பில் இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

கூலன்டின் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது: துருவைத் தடுப்பது. ஊற்றுத்தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் இதைத்தான் கெடுக்கின்றன. உப்புத்தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தச் சுண்ணாம்பு வெப்பத்தை மிக மிக மெதுவாகவே கடத்தும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே இரும்புக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். அவசரத்துக்கு ஊற்றியதில் தவறில்லை. வீடு திரும்பியதும் அதை இறக்கிவிட வேண்டும். கூலன்டில் கலக்க பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி.

கடையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று கேன்கள் அடுக்கியிருக்கும். நிறத்தை நம்பக் கூடாது. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம். பார்க்க வேண்டியது உள்ளிருக்கும் துருத்தடுப்பானை. சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் கொண்ட பழைய வகை செம்பு, பித்தளை ரேடியேட்டருக்குப் பழகியது. அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. கரிம அமில வகை அலுமினிய எஞ்சினுக்கு ஏற்றது, ஐந்தாண்டு வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் பாதுகாப்பு குறையும், சில சமயம் கூழாகித் திரளவும் செய்யும். வண்டியின் கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதுதான். மூணாறுப் பக்கம் சில ஆண்டுகள் உறைபனி விழுவதையும், கிளைகோல் தண்ணீரை எளிதில் உறையவிடாது என்பதையும் மனதில் வைத்தால் பாதிக்குப் பாதி கலவை பொருத்தம்.

மாற்றும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. அடிக்குழாயைத் திறந்து இறக்கினாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அலசிவிட்டுப் பாதிக் கலவையை ஊற்றினால் அது மேலும் நீர்த்துப்போகும். ஆகவே மொத்தக் கொள்ளளவில் பாதியைக் கலக்காத கூலன்டாக முதலில் ஊற்றி, பிறகு டிஸ்டில்டு வாட்டரால் நிரப்ப வேண்டும். வண்டியை மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறிய எஞ்சினில், மூடியைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட் செய்தால் சிறைப்பட்ட காற்று குமிழ் குமிழாக மேலேறி வெளியே போகும். எஞ்சின் சூடேறித் தெர்மோஸ்டாட் வால்வு திறந்ததும் மேல் ஹோஸ் சுடும், மட்டம் இறங்கும். அப்போது எஞ்சினை அணைத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடலாம். மறுநாள் காலை ஒருமுறை பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.

இறக்கிய பழைய கூலன்ட் இனிக்கும். நாயும் ஆடும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். உடலுக்குள் போனால் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படிகம் கட்டி உயிரைப் பறிக்கும். இந்தச் சரிவில் கொட்டுவது எதுவும் மழையோடு ஓடையில் இறங்கும். ஓடை கொட்டக்குடி ஆற்றுக்குப் போகும், ஆறு வைகைக்குப் போகும். தயவுசெய்து அதை ஒரு பழைய கேனில் பிடித்து, இறுக மூடி, 'விஷம்' என்று எழுதி, பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.