லினக்ஸ் கணினி மந்தமா? கட்டளையைத் தட்டும் முன்…

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். அவை இல்லாவிட்டாலும் நன்றாக ஓடும் மேசைக் கணினிகள் வீடுகளிலும் கடைகளிலும் ஏராளம். அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வழங்கல் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்ல முடிவு. ஆனால் போட்ட சில வாரங்களில், "லினக்ஸ்னா பறக்கும்னாங்க, இது இழுக்குதே" என்ற குறை பல வீடுகளில் எழுகிறது. யாரோ காணொளியில் காட்டிய பத்துக் கட்டளைகளைப் பொருள் தெரியாமல் டெர்மினலில் ஒட்டத் தொடங்குவது அப்போதுதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உரிமையைப் பார்ப்போம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல், அடுத்த ஆண்டே ஜிபிஎல் என்ற உரிமத்துக்குள் வந்தது. அதை எந்த வேலைக்கும் ஓட்டலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே உரிமத்தில், பலர் படிக்காமல் விடும் இன்னொரு பகுதியும் உண்டு: சட்டம் இடம்தரும் அளவுக்கு, இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நீங்கள் போட்ட கட்டளையால் பிள்ளையின் படங்களும் கடைக் கணக்கும் அழிந்துபோனால், எழுதியவரிடம் இழப்பீடு கேட்க முடியாது. 'சுடோ' என்று தொடங்கும் வரிக்குக் கடவுச்சொல் கொடுக்கும்போது, அந்த வரி சொல்வதையெல்லாம் செய்யக் கணினிக்கு முழு அதிகாரம் கொடுத்துவிடுகிறீர்கள்.

மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கர்னல் அமைப்பில் இருப்பதில்லை. அதை அளந்துதான் அறிய வேண்டும். 'டாப்' கட்டளையைப் போட்டால் மேல்வரிகளில் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண் வரும். செயலி வேலையின்றி ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் நேரத்தின் சதவீதம் அது. அந்த எண் விடாமல் முப்பது, நாற்பது என்று நின்றால் சிக்கல் டிஸ்க்கில்தான். அப்போது 'ஸ்மார்ட்சிடிஎல்' கருவியைக் கொண்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டர்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளின் கடைசியிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது என்று பொருள். அந்த நிலையில் வேகத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். அன்றே கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுங்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் இழுத்தால், அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். அது தரும் வேகத்தை எந்தக் கட்டளையும் தராது. உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால், பெட்டியைத் திறக்கும் முன் உத்தரவாத அட்டையைப் படித்துவிடுங்கள்.

அடுத்து ரேம். தவறான அறிவுரை மிக அதிகமாக உலவுவது இதில்தான். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் 'ஃப்ரீ' கட்டளையைப் போட்டால், 'ஃப்ரீ' பத்தியில் 200 எம்பி மட்டுமே மிஞ்சியிருப்பதாகக் காட்டும். பார்த்தவுடன் பயம் வரும். அந்த வரியின் கோடியில் 'அவைலபிள்' பத்தியில் 1.9 ஜிபி இருப்பதைக் கண் பார்க்காது. இடையில் உள்ள 'பஃப்/கேஷ்' அளவு, அண்மையில் படித்த கோப்புகளை மறுபடி டிஸ்க்குக்குப் போகாமல் எடுக்கக் கர்னல் ரேமில் வைத்திருப்பது. நிரல் ஏதாவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'டிராப் கேஷஸ்' போட்டு ரேமைக் காலிசெய்யச் சொல்லும் அறிவுரை, அடுப்பருகே இருக்கும் அஞ்சறைப்பெட்டியை ஒவ்வொரு தாளிப்புக்குப் பின்னும் பரணில் ஏற்றச் சொல்வதுதான். அதனால் கணினி இன்னும் மந்தமாகும்.

ரேம் நிறையும்போது தரவு ஒதுங்க டிஸ்க்கில் வைக்கும் இடமான ஸ்வாப்பை அடியோடு அணைக்கச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ரேம் நிறைந்து ஒதுங்க இடமில்லாமல் போனால், கர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுதான் மூச்சுவிடும். அது நீங்கள் சேமிக்காத ஆவணம் திறந்திருக்கும் நிரலாகவும் இருக்கலாம். ரேம் குறைந்த கணினிக்கு 'இசட்ரேம்' நல்லது. ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு இது. க்னோம் திரைக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவானவற்றுக்கு மாறலாம். பிரவுசரில் தேவையற்ற டேப்களை மூடலாம். மின்விசிறியில் அப்பிய தூசியைத் துடைக்கலாம். சூடேறினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னும் மோசமான அறிவுரை ஒன்று உண்டு: கர்னலைத் தொடக்கும் கட்டளை வரியில் 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' என்று சேர்க்கச் சொல்வது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைகள் வெளிவந்தபின் போட்ட தடுப்புகளை அது கழற்றிவிடும். பழைய செயலியில் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம். நெட்பேங்கிங் செய்கிற கணினியில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அளப்பதன் மதிப்புக்கு 2024 மார்ச்சில் நடந்த ஒன்று சான்று. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலைவழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். துருவிப் பார்த்தபோது, 'எக்ஸ்இசட்' என்ற சுருக்க மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய கள்ளக்கதவு அகப்பட்டது. பெரும்பாலான கணினிகளுக்குப் பரவும் முன்பே அது அடைபட்டது. அரை நொடியை அலட்சியம் செய்யாத கண்ணும், உள்ளே புகுந்து பார்க்கும் உரிமையும் சேர்ந்ததால்தான் அது முடிந்தது.

எனவே எதையும் மாற்றும் முன் கோப்புகளுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு நகல், இயங்குதளத்துக்கு 'டைம்ஷிஃப்ட்' கருவியால் ஒரு ஸ்னாப்ஷாட். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். செய்ததைத் தாளில் எழுதுங்கள். மென்பொருளை உங்கள் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். நிறுவல் கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் பாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, பதிவிறக்க இணைப்பை நஞ்சு கலந்த நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். சரிபார்ப்பு எண் அங்கேயே இருந்தால் அதையும் மாற்றியிருக்க முடியும்; அதனால் மின்னணுக் கையொப்பத்தையும் சரிபார்ப்பது நல்லது.

இலவச மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு உங்கள் கணினியைத் தொட்ட கடைக்காரர் அப்படி ஒதுங்க முடியாது. 'ஸ்பீடு பண்ணித் தர்றேன்' என்று பணம் வாங்கினால் அது சேவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாட்டுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். கணினியைக் கொடுக்கும்போதே டிஸ்க்கை அழிக்கலாமா கூடாதா என்பதை எழுதி வாங்குங்கள். பில் கேளுங்கள். பில்லில் செய்த வேலையைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

தொலைபேசியில் அழைத்து, "உங்க கணினியில வைரஸ், திரையைப் பகிருங்க" என்று யாராவது சொல்லிப் பணம் பறித்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வெறும் சந்தேகம் என்றால் சென்னையில் ஐஎல்யுஜிசி, விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி போன்ற லினக்ஸ் பயனர் குழுக்களில் தமிழிலேயே கேட்கலாம். கேட்கும்போது 'டாப்', 'ஃப்ரீ' இரண்டும் காட்டியதைப் படமெடுத்துக் கொண்டுபோங்கள்.