பிள்ளையின் வைத்தியத்துக்கு வெளிநாடு: பணம் திரட்டுமுன் பார்க்க வேண்டியவை

"வெளிநாட்டுக்குக் கொண்டுபோனா பொழைச்சுக்கும்னு சொல்றாங்க, அண்ணாச்சி." மும்பையில் நம் சங்கத்தின் மருத்துவ உதவிக் குழுவைத் தேடி வரும் பெற்றோர் பலரும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். சொன்னது யார் என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர், அலுவலகத்தில் ஒருவர், டி.வி.யில் பார்த்த ஒரு செய்தி. ஆனால் வாக்கியம் மட்டும் மனசில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். சொந்த ஊராக இருந்தால் மாமன் மச்சான் கூடி, நிலத்தையோ நகையையோ வைத்து ஒரு வழி பண்ணுவார்கள். தாராவியிலோ டோம்பிவிலியிலோ ஒண்டுக் குடித்தனம் இருப்பவருக்குச் சங்கம்தான் பங்காளி.

நான் டாக்டர் இல்லை. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பது தெரியும். குழுவில் சேர்ந்தபின் கொஞ்சம் வைத்திய விஷயமும் காதில் விழுந்து பழகிவிட்டது. பிறமாநிலங்களில் இருக்கும் நம்மவர்க்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. நிஜமாகவே வெளிநாடு போகத்தான் வேண்டுமா என்பதே. ஒரு காலத்தில் போகத்தான் வேண்டியிருந்தது. பிறவியிலேயே பித்தநாளம் அடைத்த குழந்தைக்கு ஈரல் மாற்று சிகிச்சை என்றால் லண்டன், அமெரிக்கா என்றுதான் பேச்சு. 1998 நவம்பரில் தில்லியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்குத் தகப்பனாரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுதான். இன்றைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் அதே வைத்தியத்துக்கு நம் நாட்டுக்கு வருகிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று இன்னும் பழைய கதை. மும்பை டாட்டா மருத்துவமனையில் 1983, வேலூரில் 1986.

மூளையில் கட்டி வந்த குழந்தைகளுக்கான புரோட்டான் கதிர் சிகிச்சையைப் பாருங்கள். 2018இல் அதற்கு விமானம்தான் ஏறவேண்டும். 2019 ஜனவரியில் சென்னை தரமணியில் அந்த வசதி வந்தது. 2023இல் நமக்குப் பக்கத்திலேயே கார்கரில், டாட்டா நினைவு மையத்திலும் தொடங்கிவிட்டார்கள். அதனால், "மூணு வருஷம் முன்னால எங்க சித்தப்பா பையன் அமெரிக்கா போனான்" என்பது இன்றைக்குச் சான்று ஆகாது. அதே துறையில் வேறு ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டாவது அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குங்கள். "இந்தச் சிகிச்சை இந்தியாவில் எங்கே கிடைக்கும்? கிடைக்காது என்றால், எழுதித் தர முடியுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நேர்மையான டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இப்போது கோடிக்கணக்கில் பணம் திரட்டுவதாக நாம் கேள்விப்படுவது பெரும்பாலும் எஸ்.எம்.ஏ. என்கிற நோய்க்காக. முதுகுத்தண்டு தசைநலிவு என்று சொல்லலாம். எஸ்.எம்.என்.1 என்ற மரபணு வேலை செய்யாததால், தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்கு வேண்டிய புரதம் போதாமல், அவை ஒவ்வொன்றாகச் செத்துப் போகின்றன. கடுமையான முதல் வகையில் ஆறு மாதத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். தலை நிற்காது. கால் உதைக்காது. பால் குடிக்கவே திணறும். அறிவில் ஒரு குறையும் இருக்காது, கண்ணால் நம்மைத் தொடர்ந்து பார்த்துச் சிரிக்கும். அதுதான் பார்க்க முடியாது. வைத்தியம் இல்லையென்றால் இவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை, தாண்டினாலும் செயற்கைச் சுவாசம்தான்.

முதுகுத்தண்டில் போடும் முதல் மருந்துக்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019 மே மாதம் ஜோல்ஜென்ஸ்மா வந்தது. ஒரே ஒரு தடவை ரத்தக் குழாயில் ஏற்றும் மரபணு மருந்து, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. அப்போதைய விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நாம் கேள்விப்படும் 'பதினாறு கோடி' இதுதான். 2021இல் டாலர் சுமார் 74 ரூபாய், பெருக்கிப் பாருங்கள். டாலர் 90ஐத் தொட்டால் அதே மருந்து 19 கோடி. மருந்து கம்பெனி ஒரு பைசா ஏற்றாமலேயே மூன்று கோடி கூடிவிடுகிறது! கோரிக்கையில் ரூபாய்க் கணக்கு மட்டும் போடாதீர்கள், டாலர் தொகையையும் எந்தத் தேதி விகிதம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

2021இல் மும்பைக் குழந்தை ஒன்றுக்கு இந்தத் தொகையைப் பொதுமக்கள் சிறுகச் சிறுகப் போட்டே சேர்த்தார்கள். இறக்குமதித் தீர்வையும் ஜி.எஸ்.டி.யுமாகச் சுமார் ஆறு கோடியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. இதில் பலர் கவனிக்காத விஷயம், குழந்தை எங்கேயும் போகவில்லை. மருந்துதான் இங்கே வந்தது. 'வெளிநாட்டு வைத்தியம்' என்று நாம் சொல்வதில் பாதி இன்றைக்கு 'வெளிநாட்டு மருந்து'தான். விசா, விமானம், தங்குமிடம் என்று போடும் கணக்கு அப்படியே மாறிவிடும்.

பணம் கேட்கக் கிளம்புமுன் ஒரு பரிசோதனை உண்டு. அந்த மருந்தைச் சுமந்து செல்லும் வைரஸுக்கு (ஆபத்தில்லாத ஒரு வகை) எதிரான சக்தி குழந்தையின் ரத்தத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் மருந்து கொடுக்க முடியாது. இந்தச் சோதனை முடிவு வராமல் கோடிகளுக்குக் கைநீட்டுவது சரியில்லை. இன்னொன்றும் பெற்றோருக்கு முதலிலேயே சொல்லியாக வேண்டும். செத்த நரம்பணு திரும்பி வராது, மிச்சம் இருப்பதைத்தான் மருந்து காப்பாற்றும். எட்டு மாதத்தில் கொடுப்பதும் இருபத்திரண்டு மாதத்தில் கொடுப்பதும் ஒன்றல்ல. ஆகவே பதினாறு கோடி சேரட்டும் என்று கைகட்டிக் காத்திருப்பது குழந்தைக்கு நஷ்டம்.

காத்திருக்கவும் வேண்டாம். ரிஸ்டிப்ளாம் என்று தினமும் வாயால் கொடுக்கும் மருந்து 2020இல் அமெரிக்காவிலும் 2021இல் இந்தியாவிலும் வந்தது. ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. காப்புரிமை வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்தில் நடந்து, உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தபின், 2025 அக்டோபரில் ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை பாட்டில் 15,900 ரூபாய்க்கு வெளியிட்டது. ஆறு லட்சம் எங்கே, பதினாறாயிரம் எங்கே! பத்து கிலோ எடையுள்ள இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டரை மில்லிகிராம். 60 மில்லிகிராம் பாட்டில் 24 நாள் வரும். வருஷத்துக்குப் பதினைந்து, பதினாறு பாட்டில், சுமார் இரண்டரை லட்சம். காலம் முழுக்கக் கொடுக்க வேண்டும், எடை கூடினால் செலவும் கூடும், எந்த மருந்து பொருந்தும் என்பது டாக்டர் சொல்லவேண்டியது. ஆனால் இது ஒரு சங்கத்தால் தாங்கக்கூடிய தொகை. பதினாறு கோடி அப்படியல்ல.

அரசு உதவியையும் விட்டுவிடக் கூடாது. 2021 மார்ச்சில் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி, 2022இல் உயர்த்தப்பட்ட வரம்பாக, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. பணம் பெற்றோர் கைக்கு வராது, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையத்தின் மூலம்தான் செலவாகும். தில்லியில் எய்ம்ஸ், மும்பையில் பரேல் கே.ஈ.எம்., பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையம், சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. முதலில் அங்கே பதிவு, பிறகு வசூல். நம்மவர் செய்வது தலைகீழ்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, வசூல் செய்துதான் ஆகவேண்டும். யார் கணக்கில்? தகப்பனார் கணக்கு எண்ணைப் போட்டுவிடுவதுதான் வழக்கம். சட்டப்படி 'உறவினர்' ஆகாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வரும் பணம் வருமானமாகவே கணக்கிடப்படும். பிள்ளை வைத்தியத்துக்கு வந்தது என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை. பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வந்தால் அந்தத் தொல்லை இல்லை, கொடுத்தவருக்கும் 80ஜி என்று நாம் பழகிப்போன சலுகை கிடைக்க வாய்ப்புண்டு (ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை). எல்லாவற்றிலும் சுத்தமான வழி, குழந்தையின் நோயாளி எண்ணைப் போட்டு ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டச் சொல்வது. கொடுப்பவருக்கும் மனசு நிறையும். ஒரு ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். நம் சங்கங்களில் ஆடிட்டருக்கா பஞ்சம்!

இணையத்தில் திரட்டித் தரும் நிறுவனங்களை நாடினால், அவர்கள் எடுக்கும் கட்டணம், விளம்பரச் செலவு, கொடுப்பவர் தலையில் தானாகவே சேரும் 'டிப்ஸ்' ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். குழந்தையின் மூக்கில் குழாய் செருகிய படத்தைத்தான் அவர்கள் கேட்பார்கள். அப்படித்தான் பணம் வரும் என்பதும் உண்மை. எனக்கு அதில் சம்மதமில்லை. பிழைத்து வளர்ந்து பத்தாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் படம் எங்காவது கிடக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது 'வெளிநாட்டு நன்கொடை' ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதற்கான பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக்கூடாது. நம் மொழி பேசுகிறவர்தானே என்று சட்டம் பார்க்காது. சிகிச்சை வெளிநாட்டில்தான் என்றால், அப்படிப்பட்ட அன்பர்களை அங்குள்ள மருத்துவமனையிலேயே கட்டச் சொல்லலாம். டாலர் இங்கே வந்து ரூபாயாகி மறுபடி டாலராகும் நஷ்டமும் மிச்சம்.

இங்கிருந்து அனுப்புவதில் பெரிய தடை இல்லை. ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வைத்தியம் என்றால், மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டின் பேரில் அதற்கு மேலும் வங்கி அனுமதிக்கும். சிறுபிள்ளை என்பதால் பெற்றோர் கையெழுத்து, பான் எண் தேவை. ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் போனால் டி.சி.எஸ். என்று ஒரு பகுதி பிடிப்பார்கள். அது வரிக்கணக்கில் பின்னால் சரியாகும், ஆனால் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும். கடைசி நாளில் இந்தத் தொகை துண்டு விழுந்து ஓடியவர்களை நான் கவுண்டரின் இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். விசா அதிகாரியும் இங்குள்ள டாக்டர் கடிதம், அங்குள்ள மருத்துவமனையின் மதிப்பீடு, பணம் இருக்கிறதற்கு அத்தாட்சி மூன்றையும் பார்ப்பார். பார்த்துப் பழகிய ஏஜெண்ட் வேண்டாம், காகிதம் போதும்.

யாரும் பேச விரும்பாத ஒன்று மீதி இருக்கிறது. பணம் முழுதும் சேராவிட்டால்? சேருமுன் குழந்தை போய்விட்டால்? எங்கள் குழுவிடம் வந்த ஒரு கைக்குழந்தை, வசூல் தொடங்கிய ஒன்பதாவது வாரம் நிமோனியாவில் போய்விட்டது. பதினோரு லட்சம் சேர்ந்திருந்தது. கோரிக்கையிலேயே, "எஞ்சும் தொகை இதே போன்ற இன்னொரு குழந்தைக்கு, குழுவின் தீர்மானப்படி" என்று ஒரு வரி போட்டிருந்தோம். காரியம் முடிந்து பன்னிரண்டாம் நாள் அந்தத் தகப்பனார் வந்தார். "கணக்க முடிச்சுருங்க அண்ணாச்சி, எம்பிள்ள பேர்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லிறப்படாது" என்றார். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் அவர் கடன்காரர் போலத் தலைகுனிந்து நின்றிருப்பார்.

எங்கள் குழு ஞாயிறு காலை கூடுகிறது. வருபவர்கள் மரபணுச் சோதனை அறிக்கை, இரண்டு டாக்டர்களின் கடிதம், மருத்துவமனையின் மதிப்பீடு, அரசு மையத்தில் பதிவு செய்த சீட்டு இவற்றின் நகலோடு வந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடலாம். ஏதாவது குறைந்தாலும் பரவாயில்லை, வாருங்கள். கே.ஈ.எம்.முக்குக் கூட வர ஆள் இருக்கிறது, இந்தியும் மராட்டியும் தெரிந்தவர்களாகவே அனுப்புகிறோம்.