கொட்டகைக்கு எத்தனை வாட் சோலார்? கார்த்திகையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

மின் இணைப்பு எட்டாத வயல் கொட்டகைக்கு சோலார் போட நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் பேனல் வாங்கலாம்?" என்றுதான். அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. முதலில் செலவு, அடுத்து சேமிப்பு, அப்புறம்தான் வரவு.

செலவு

ஒரு பொருளின் வாட்டை, அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். ராத்திரி காவல் இருக்கும் என் கொட்டகைக் கணக்கு இது:

5 வாட் எல்இடி பல்பு இரண்டு, 5 மணி நேரம்: 50
15 வாட் டிசி ஃபேன், 8 மணி நேரம்: 120
செல்போன், டார்ச் சார்ஜ்: 30

மொத்தம் ஓர் இரவுக்கு 200 வாட்-மணி. பஞ்சகவ்யா, மீன் அமிலம் தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கு (12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி) ஒரு தடவை சார்ஜ் போட, இழப்பும் சேர்த்து 120 ஆகும். அதை உச்சி வெயிலில் போட்டுக்கொண்டால் பேட்டரிக்குச் சுமை இல்லை.

சேமிப்பு

வெயிலே இல்லாமல் இரண்டு ராத்திரி தாக்குப்பிடிக்கணும் என்றால் 400 வாட்-மணி வேணும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 800 வாட்-மணி தேவை. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 67 ஆம்பியர்-மணி; கடையில் 75 வாங்கலாம். லித்தியம் பாஸ்பேட் வகையில் 80 சதம் வரை எடுக்கலாம் என்பதால் 40 ஆம்பியர்-மணி போதும்.

வரவு

வங்கியில் கடன் மனு பார்க்கும்போது, நல்லா விளைந்த வருசத்தை வைத்துக் கணக்குப் போட மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். சித்திரையில் ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி தாராளமாகக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் 3 மணி என்று வைத்துக்கொள்வது நல்லது. சம்பா கதிர் பிடித்து, பன்றி இறங்குவதும் அப்போதுதான். விளக்கு அணைந்துபோனால் நஷ்டம் பேட்டரியோடு நிற்காது.

சூடு, தூசி, கம்பி இழப்புக்கு 30 சதம் கழியுங்கள். 100 வாட் பேனல்: 100 x 3 x 0.7 = 210. அன்றாடச் செலவுக்குச் சரியாகப் போய்விடும். மூடாக்கு நாளில் காலியான பேட்டரி மறுபடி நிறையாது. 200 வாட் என்றால் 420 கிடைக்கும். செலவு போக மீதி 220. இரண்டே நாளில் பேட்டரி தேறிவிடும். எனவே 200 வாட், அதோடு 20 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலர்.

கவனிக்க வேண்டியவை

இன்வெர்ட்டர் வேண்டாம், எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே வாங்குங்கள். சும்மா இருக்கும்போதே 8 வாட் தின்னும் இன்வெர்ட்டரை 24 மணி நேரமும் போட்டு வைத்தால் 192 வாட்-மணி போய்விடும். அது ஓர் இரவுச் செலவு!

பேனல் தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வாக இருக்கட்டும். மழையே தூசியைக் கழுவிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், 30 அடி மரத்தின் நிழல் நண்பகலிலும் வடக்கே 20 அடி நீளும். ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலே வரவு பெருமளவு குறையும். ஆகவே இடத்தை மார்கழி நிழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். ஓலைக் கொட்டகை என்றால் சொல்லவே வேண்டியதில்லை. ஆயுள் முடிந்த லெட் பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்; ஈயமும் அமிலமும் நம் மண்ணில் இறங்கக் கூடாது.

கடைக்குப் போகும் முன் உங்கள் செலவுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.