கொல்லைக்கு வந்த வல்லூறு

பொதிகையிற் பிறந்த தாமிரபரணி பாயும் நம் நெல்லைச் சீமையில், அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, வேம்பும் முருங்கையும் நிற்கும் கொல்லைகளில் அடிக்கடி நிகழும் காட்சி ஒன்று உண்டு. தவிட்டுக் குருவிகள் திடீரெனக் கூச்சலிடும், அணில் அலறும், சாம்பல் நிறப் பறவையொன்று தாழப் பறந்து வந்து கிளையில் அமரும். உடனே "பருந்து! பருந்து!" என்று வீட்டார் கல்லை எடுப்பர். விசாரணைக்கு முன்பே தண்டனை! குற்றம் சாட்டப்பட்டவன் யார் என்று நிச்சயிப்பதன்றோ நியாயத்தின் முதற்படி?

ஊர்ப்பருந்து உருவிற் பெரியது. பிளவுபட்ட வாலுடன் வானில் வட்டமிடுவது. வந்த பறவை புறாவளவினதாய், மார்பில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகளும், வளைந்த அலகும், மஞ்சட் கால்களில் கூரிய நகங்களும் உடையதாயின் அது வல்லூறு. வடநாட்டார் இதனை ஷிக்ரா என்பர். வேட்டையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்று வந்த பெயர் அது. ஆணின் கண் சிவப்பு. பெண்ணின் கண் மஞ்சள் சார்ந்தது. உருவிலும் பெண்ணே பெரியது. குஞ்சுப் பருவம் கடந்த இளம்பறவையோ பழுப்பு நிறமாய், மார்பில் கோடுகளுக்குப் பதிலாகத் துளிகள் கொண்டிருக்கும். ஓரினத்தை ஈரினமென்று மயங்குவோர் இதனாற் பலர்.

இதன் உறவினரும் உளர். பெஸ்ரா என்பது மலைக்காட்டை விரும்புவது. வல்லூற்றின் தொண்டையில் மங்கலாய்த் தோன்றும் நடுக்கோடு இதற்குத் தடித்துக் கறுத்திருக்கும். ஸ்பாரோஹாக் என்பது குளிர்காலத்தில் மட்டும் வரும் விருந்தாளி; தென்கோடியில் அரிது. அதற்குத் தொண்டைக் கோடு இல்லை. கால்கள் நீண்டு மெலிந்தவை.

எல்லாரினும் பரிதாபத்துக்குரியது அக்காக்குயில். நிறத்திலும், வாற்பட்டையிலும், பறக்கும் முறையிலும் அது வல்லூற்றைப் போன்றது. ஆயின் அலகு ஏறக்குறைய நேரானது. பற்றிக் கிழிக்கும் நகங்கள் இல்லை. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு. கம்பளிப்புழுக்களைத் தின்று தோட்டத்துக்கு உதவுவது அது. தன் முட்டையைத் தவிட்டுக் குருவியின் கூட்டில் இடுவதே அதன் கள்ளத்தனம். அதனைக் கண்டும் சிறு பறவைகள் அஞ்சிக் கூவும். எனவே அக்கூச்சலைச் சாட்சியமாகக் கொள்ளலாகாது.

வல்லூறே வந்தாலும் கல் வேண்டுவதில்லை. ஓணான், எலி, வெட்டுக்கிளி ஆகியவையும் அதன் இரையே. கோழிக்குஞ்சைக் காக்கப் பஞ்சாரம் போதும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அப்பறவையைக் காக்கிறது. நம் கொல்லைக்கு வரும் உயிரின் பெயரையேனும் அறிந்துகொண்டு, பிறகு அதனைப்பற்றித் தீர்ப்புக் கூறுவோமாக.