மணியில் இருந்த தமிழும் பேத்தி வாயில் வந்த தமிழும்

நியூசிலாந்தின் தலைநகர் வெல்லிங்டனில் 'தெ பாப்பா' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கலக் கப்பல் மணி ஒன்று உள்ளது. அடிப்பகுதி உடைந்துபோய் மிச்சம் இருப்பது 13 சென்டிமீட்டர் உயரம்தான். 1836-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷன்காரர், வடக்கே வாங்கரை பக்கத்தில் மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அந்த எழுத்தின் பொருள். அது அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று என்பதற்கு ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள்.

ஆக்லாந்தில் இருக்கும் என் தங்கை மகள் போன மே மாதம் புனே வந்தபோது இந்த மணியின் படத்தைக் காட்டினாள். எட்டிப் பார்த்த என் ஆறு வயதுப் பேத்தி, "பாட்டி, ஹே காய் லிஹிலய்?" என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்பதைக்கூட மராத்தியில்தான் கேட்கத் தெரிகிறது! கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது எண்பத்தெட்டு. அவர் தொலைபேசியில் கூப்பிட்டால், குழந்தை "ஹலோ" சொல்லிவிட்டு என் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். அம்மா அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார். "குழந்தை விளையாடறாளா?" என்று மட்டும் கேட்பார்.

தங்கை மகள் அப்போதுதான் மாவோரிகளின் 'கோஹங்கா ரேயோ' பற்றிச் சொன்னாள். மொழிக்கூடு என்று அர்த்தமாம். ஒரு காலத்தில் பள்ளியில் மாவோரி பேசிய பிள்ளைகள் அடி வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போயின; பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள். 1972-இல் பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கேட்டு முப்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1982-இல் வெல்லிங்டன் அருகே வைனுயியோமாட்டாவில் முதல் மொழிக்கூடு திறந்தது. பள்ளி வயது வராத குழந்தைகளோடு பெரியவர்கள் உட்கார்ந்து விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் மாவோரியிலேயே நடத்துவார்கள். மொழி தெரியாத பெற்றோரைத் தாண்டி, பாட்டியிடமிருந்து நேரே பேரனுக்கு! 1987-இல் மாவோரி அங்கே ஆட்சிமொழியும் ஆயிற்று.

நம் புனேயில் தமிழ் பேசினால் யாரும் அடிப்பதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகனும் மருமகளும் தங்களுக்குள் பேசுவது இந்தி, பால்காரரிடம் மராத்தி, ஆபீஸில் ஆங்கிலம். சௌகரியத்தால் போகிற மொழியை எந்த மனு போட்டு மீட்பது?

அந்த லீவிலேயே ஒரு கூடு கட்டிப் பார்த்தேன். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனதிலிருந்து மாலை வரை நான் தமிழ் மட்டும்தான். முதல் வாரம் பெரிய ரகளை. "மலா நக்கோ" என்று தட்டைத் தள்ளுவாள்; "வேண்டாம்" என்று வரும்வரை காது கேட்காத மாதிரி இருப்பேன். மொட்டைமாடியில் வடாம் பிழிந்தபோதுதான் வழி பிறந்தது. காக்காயை விரட்டும் வேலை அவளுக்கு. "போ போ" என்பது "போ காக்கா, இது என் வடாம்" வரை வளர்ந்தது. பாடப்புத்தகம் வைத்து உட்கார்த்தியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். பல்லாங்குழி இன்னொரு உதவி. எண்ணிக்கை தானாக வந்துவிட்டது. மாலையில் கீழே சிநேகிதிகளோடு மராத்திதான். அதில் நான் தலையிடவில்லை. அது அவள் பிறந்த ஊரின் பாஷை.

ஜூனில் பள்ளி திறந்ததும் நேரம் சுருங்கிவிட்டது. இப்போது இரவுச் சாப்பாட்டு வேளை மட்டும் தமிழ். மருமகளும் சேர்ந்துகொள்கிறாள், பாதி சிரிப்போடு.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டபோது பேத்தி முந்திக்கொண்டு எடுத்தாள். "கொள்ளுப்பாட்டி, நான் ரெண்டு மாம்பழம் சாப்பிட்டான்!"

"சாப்பிட்டேன்னு சொல்லுடி கண்ணு. என்ன பழம், ருமானியா?"

"இல்ல, ஹாபூஸ். ருமானின்னா என்ன?"

அம்மா விளக்க ஆரம்பித்தார். தொலைபேசி என் கைக்கு வர இருபது நிமிஷம் ஆயிற்று.